பாசப் பிரிவின் ஒரே பொம்மை

குழந்தை பிறந்ததும் அழவில்லை. அழுவதற்கு முன்னாலேயே தண்ணீர் குடித்துவிட்டது என்றார்கள். பிரசவ அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்த ரொட்டிக்காரனுக்கு இது விளங்கவில்லை. இப்போது பிறந்த பிள்ளைக்கு அதற்குள் யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேட்டான். வயிற்றுக்குள் இருந்த தண்ணீரைத்தான் குடித்துவிட்டது, அது நெஞ்சுக்குள் போயிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, சும்மா பார்வையில் வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு நர்ஸ் வெள்ளைத் துணி மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினார். மூட்டையின் ஓரத்தில் ஒரு பாதம் தெரிந்தது. அவ்வளவுதான் அவன் பார்த்தது. அது இடது பாதமா வலது பாதமா என்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியாது.

உலகத்தில் 'சும்மா' என்று ஆரம்பித்த எந்தக் காரியம் சும்மா முடிந்திருக்கிறது? சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போன இடத்தில்தான் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சும்மா இரண்டு நாள் ஒத்தாசைக்கு என்று போன ரொட்டிக் கடையில்தான் இன்றைக்கும் அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிறான். ஆகவே அவன் பயந்தான். பயந்தது சரியாகப் போயிற்று. குழந்தை இரண்டாம் மாடியில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் படுத்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்த அவன் மனைவி மூன்றாம் மாடியில், தாய்மார் பிரிவில் படுத்தாள். நடுவே ஒரு மாடிப்படிதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சட்டப்படி அவை வேறு வேறு நாடுகள். தாய்மார் பிரிவில் இருப்பவள் நோயாளி. நோயாளி தன் பிரிவை விட்டு நகரக் கூடாது. நகர வேண்டுமானால் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் அவள் பார்வையாளர். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

"அப்போ நான் யாரு சிஸ்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"நீங்க அம்மா" என்றார் தாய்மார் பிரிவு நர்ஸ். அம்மாவுக்கென்று விதி எதுவும் போடவில்லை என்பதையும் மரியாதையாகவே சொன்னார்.

அதிலிருந்து அவன் பிழைப்பு படிக்கட்டில் ஓடியது. விடியுமுன் கடைக்குப் போய் மாவு பிசைய வேண்டும். பிசைந்து, உருட்டி, அடுப்பில் ஏற்றிவிட்டு, புருவத்தில் ஒட்டிய மாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். மனைவி பீய்ச்சி வைத்திருக்கும் பாலைச் சின்னக் கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்க வேண்டும். அங்கே கதவில் ஒரு சின்னத் திறப்பு. தட்டினால் ஒரு கை மட்டும் வெளியே வரும். யார் குழந்தை என்று கேட்கும். ரொட்டிக்காரர் குழந்தை என்று இவன் சொல்வான். கை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பால் மூக்கில் சொருகிய குழாய் வழியாகப் பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது என்று கேள்வி. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் இடையே இப்படித்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது.

குழந்தை டாக்டர் நல்ல மனிதர். வயது குறைவு, தூக்கம் அதைவிடக் குறைவு. ஒரு காலைப் பொழுதில் நடைபாதையில் இவனைப் பிடித்து நிறுத்தி, மூச்சு சரியாகிவிட்டது, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு, "இனிமே ஒரே ஒரு விஷயந்தான். குழந்தை சப்பிக் குடிக்கல. அம்மா நெஞ்சுல போட்டா தானா கத்துக்கும். குடிக்க ஆரம்பிச்சா அன்னைக்கே நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

"அப்போ போட்டுடலாமே டாக்டர்."

டாக்டர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "அது எங்க கையில இல்ல. பாசப் பிரிவு."

பாசப் பிரிவு எப்படி வந்தது என்ற புராணத்தைக் கதவுத் திறப்பின் கைக்குச் சொந்தக்காரரான பெரிய நர்ஸ்தான் அவனுக்குச் சொன்னார். முன்பெல்லாம் மூச்சு சீரான பிள்ளையைத் துணியில் சுற்றி, மாடி ஏறிப் போய், தாயின் நெஞ்சில் போட்டுவிட்டு வந்துவிடுவார்களாம். அதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. ஒரு நாள் மேலிடத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது. கலங்கிய கண்ணோடு அவர் ஒரு கேடயத்தை அனுப்பி வைத்தார். கேடயம் வந்தால் அதை வைக்க அலமாரி வேண்டும். அலமாரிக்கு அறை வேண்டும். அறை என்றால் அதிகாரி. அதிகாரி என்றால் அவருக்கு வேலை. நர்ஸ்கள் பாட்டுக்கு அவரவர் இஷ்டத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கித் தாயிடம் கொடுத்துக்கொண்டிருந்தால் அதிகாரிக்கு என்ன வேலை மிஞ்சும்? ஆகவே முறையான பாசப் பயிற்சியில் தேறாத பெற்றோர் யாரும் குழந்தையைத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. "கேடயம் வந்ததுலேர்ந்து ஒரு பிள்ளையையும் நான் மேல தூக்கிட்டுப் போகல தம்பி" என்றார் பெரிய நர்ஸ்.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். பிள்ளை குடித்தால்தான் வீடு. நெஞ்சில் போட்டால்தான் குடிக்கும். தேறினால்தான் நெஞ்சில் போடலாம். சரி, தேறித் தொலைப்போம் என்று அவன் கீழே இறங்கினான்.

தரைத்தளத்தில் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றுமாக இருந்தது பாசப் பிரிவு. சுவர் முழுக்க ஒரு தாயும் சேயும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாய், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். சேய் கம்ப்யூட்டரில் சேர்த்தது. ஒருங்கிணைப்பாளர் மேடம் அவனை உட்காரச் சொல்லி, அவன் கதையை முழுக்கக் கேட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா பாசங்கிறது ரொம்ப முக்கியமான விஷயம் பாருங்க. அதைப் போய் அப்பா அம்மா கையில மட்டும் விட்டுட முடியாது."

ரொட்டிக்காரன் தலையாட்டினான். நாலு நாளாய்ச் சரியாகத் தூங்காதவன் எதற்கும் தலையாட்டுவான். வெளியே வந்து பாதிப் படி ஏறிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

பயிற்சிக்கு ஒரே ஒரு பொம்மைதான் இருந்தது. ரப்பர் பொம்மை. பெயர் செல்லம். படுக்க வைத்தால் ஒரு கண் மூடும், இன்னொன்று மூடாமல் முறைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் செல்லத்தைத் தூக்கத்தான் வாசலில் வரிசை. ஒரு லாரி டிரைவர், ஒரு தையல்காரர், அழுது வீங்கிய கண்ணோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாரும் தேமே என்று உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருடைய பிள்ளையும் மாடியில். எல்லாருடைய கண்ணும் ரப்பர் மேல்.

பயிற்சியாளர் மீசை சரியாக முளைக்காத இளைஞர். சட்டையைக் கழற்று, கையைக் கழுவு, செல்லத்தை நெஞ்சோடு அணை, கண்ணுக்குக் கண் பார், 'நான்தான் உன் அப்பா' என்று சொல். இதுதான் பாடம். ரொட்டிக்காரன் பொம்மையை வாங்கினான். பல வருடம் மாவு தொட்ட கை அல்லவா, உருண்டையாக எதைக் கொடுத்தாலும் தன்னால் தட்டி உருட்டப் பார்க்கும்.

"சார், பாசமாப் பிடிங்க. பிசையாதீங்க" என்றார் பயிற்சியாளர்.

அன்றைக்குத் தேறவில்லை. செல்லத்தின் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டுவிட்டான், பாசம் போதவில்லை என்று தீர்ப்பு. மறுநாள் போனான். நெஞ்சில் ரப்பர் பட்டதும் மாடியில் கிடக்கும் பிள்ளையின் நினைப்பு வந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். அதிலும் தேறவில்லை. இது மிகைப் பாசமாம். மிகைப் பாசம் குழந்தைக்கு ஆகாதாம். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் அன்பாக விளக்கினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே, தம்பி எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறீர்கள் என்று ரொட்டிக்காரன் விசாரித்தான்.

"ஐயய்யோ, எனக்குக் குழந்தைன்னாலே பயம் சார். அதனாலதான் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினேன்."

மூன்றாவது முறை போனபோது அவனுக்கு எதுவும் மிச்சமில்லை. விடிகாலையில் கடை முதலாளி வேறு, பிள்ளை பெற்றவள் அவள், படுத்துக் கிடப்பவள் அவள், நீ ஏனய்யா உப்பைப் போட மறக்கிறாய் என்று ஏசியிருந்தார். வந்தான், சட்டையைக் கழற்றினான், பொம்மையை வாங்கினான், அது முறைத்த ஒரு கண்ணை இவன் இரண்டு கண்ணாலும் வெறித்தான், சொல்ல வேண்டியதைச் சொன்னான். அழவும் இல்லை, கொட்டாவியும் இல்லை. பாதி தூக்கத்தில் நின்ற அவனுக்கு உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை. "அருமை சார், இதுதான் நாங்க எதிர்பார்க்கிறது" என்று பயிற்சியாளர் கையைக் குலுக்கினார்.

அவன் தேறியாயிற்று. ஆனால் இருவரும் தேறினால்தான் பிள்ளை, இனி அவள் தேற வேண்டும். அவளால் கீழே இறங்கி வர முடியாது, அவள்தான் நோயாளி ஆயிற்றே. ஆனால் செல்லம் மேலே போகலாம். செல்லம் நோயாளியும் இல்லை, பார்வையாளரும் இல்லை. உபகரணம். உபகரணத்துக்கு இந்த ஆஸ்பத்திரியில் போகாத இடம் கிடையாது. ஆகவே பயிற்சியாளர் அதை ஒரு துண்டில் சுற்றி மூன்றாம் மாடிக்கு எடுத்து வந்தார். பெற்ற பிள்ளைக்குக் கிடைக்காத படிக்கட்டு பொம்மைக்குக் கிடைத்தது.

திரையை இழுத்து மூடி, அவள் நெஞ்சில் அதைப் போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடம்புக்கு என்ன தெரியும்? நெஞ்சில் ஏதோ கனம் கிடக்கிறது என்று மட்டும்தான் தெரியும். பால் சுரந்து ஒழுகியது. ரப்பர் தலை நனைந்தது, துண்டு நனைந்தது, தையல் போட்ட வயிறு வரைக்கும் வழிந்தது. திரைக்கு வெளியே இருந்த பயிற்சியாளரிடம், துணைக்கு வந்திருந்த அவளுடைய தங்கை பொம்மையைத் திருப்பிக் கொடுத்தாள். நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்த பயிற்சியாளருக்குத் தலை கால் புரியவில்லை. இப்படி ஒரு தேர்ச்சியை அவர் பார்த்ததே இல்லை. மேடத்திடம் சொல்லக் கீழே ஓடினார்.

"ரப்பருக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு மாமா. பெத்த பிள்ளைக்குத்தான் மூக்குல குழாய்" என்றாள் மச்சினி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு யாரும் அவளை அடக்கவில்லை.

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னங்க, அதோட முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அவன் பார்த்தது ஒரு பாதம். "உன்னை மாதிரியேதான்" என்றான். பொய் சொன்ன வாய் கசந்தது. அவளுக்குப் பிள்ளையைக் காட்ட வக்கில்லாத தன்மேல் அவனுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. இத்தனை பேர் சேர்ந்து அன்பாகப் பேசும் ஒரு கட்டடத்தில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவனை அதிகமாகக் களைப்பாக்கியது.

அன்று மாலையே ஒருங்கிணைப்பாளர் மேடம் மூன்றாம் மாடிக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. கேடயத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று பார்க்க மேலிடத்துக் குழு வருகிறதாம். அவர்கள் முன்னால் அரங்கத்தில் பாசத்தைச் செய்து காட்ட இந்தத் தம்பதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அதுவரை அவளுடைய தேர்ச்சி நிறுத்திவைப்பு, செய்து காட்டியதும் மேடையிலேயே அறிவிப்பு, அன்று மாலையே பிள்ளை நெஞ்சில் என்று வாக்குக் கொடுத்தார்.

செய்து காட்டுவதை எங்கள் பிள்ளையை வைத்தே காட்டுகிறோமே என்று மனைவி கெஞ்சினாள்.

மேடம் அவள் தலையைத் தடவினார். "உண்மையான குழந்தைங்களை நம்ப முடியாதும்மா. நாம சிரிக்கணும்னு நினைக்கும்போது அழும். அழணும்னு நினைக்கும்போது தூங்கும். நம்ம திட்டத்தோட நோக்கமே புரியாது அதுங்களுக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்கள். அடுத்து ஒத்திகை. எந்த இடத்தில் மனைவி புன்னகைக்க வேண்டும், எந்த இடத்தில் கணவன் அவள் தோளில் கை வைக்க வேண்டும், கையை எப்போது எடுக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவனை யாரும் இத்தனை முறை நிற்க வைத்து உட்கார வைக்கவில்லை.

குழு வரும் நாளன்று காலையில்தான் அந்தக் காரியம் நடந்தது. குழுவில் கிருமித் தடுப்பு அதிகாரி ஒருவரும் வருகிறார், தாயின் உடம்பில் படும் எந்தப் பொருளும் கிருமி நீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். பயிற்சியாளர் கடமை தவறாதவர். கத்தி கத்தரியை எல்லாம் ஆவியில் வேக வைக்கும் எந்திரம் ஒன்று அறுவை அறையில் உண்டு. செல்லத்தை அதற்குள் வைத்து மூடிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தாலும் பரவாயில்லை, குரங்குக்குக் கை கால் இருக்கும். திறந்தபோது உள்ளே தட்டையாக, பளபளப்பாக, இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

ரொட்டிக்காரன் எட்டிப் பார்த்தான். "சூடு அதிகமாப் போச்சு" என்றான். தொழில் வாசனை, வாய் சும்மா இருக்கவில்லை.

பாசப் பிரிவில் இழவு விழுந்தது. தலையணை ஒன்றைச் சுற்றி வைத்துக்கொள்ளலாமா என்றார் பயிற்சியாளர். உங்கள் கடையில் பெரிய ரொட்டி ஏதாவது இருக்குமா சார் என்றும் கேட்டார். குழுவினர் கையைக் காலைப் பார்க்கக் கேட்டால் என்ன செய்வது என்று மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏதோ மருந்து கேட்டுக் கீழே வந்திருந்த பெரிய நர்ஸ் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை கால் உள்ளதுதானே மேடம் வேணும்? மேல நிறைய இருக்கு" என்றார்.

குழந்தையைப் பிரிவை விட்டு அரங்கத்துக்குக் கொண்டு வருவது பெரிய விதிமீறல். அதுவும் கிருமித் தடுப்பு அதிகாரியின் மூக்குக்கு நேரே. தெரிந்தால் கேடயம் போகும், கேடயம் போனால் அலமாரி, அறை, அதிகாரி எல்லாம் போகும். ஆனால் கார்கள் வாசலுக்கு வந்துவிட்டன. மேடம் எழுந்து நின்றார். கப்பல் மூழ்கும்போது தலைவர்களுக்கு வரும் தெளிவு அவர் முகத்தில் வந்தது.

"ஒரு நாளைக்குத்தானே. உண்மையான குழந்தையை வைச்சே சமாளிச்சுடுவோம். ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் சொல்றேன், இது பொம்மை."

அரங்க மேடையின் பக்கத்துத் திரை மறைவில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் மனைவி. நிகழ்ச்சிக்காக மட்டும் அவள் பிரிவை விட்டு நகர மேடம் அனுமதி வாங்கியிருந்தார். பெரிய நர்ஸ் துணி மூட்டையோடு வந்தார். மூட்டை அசைந்தது. உங்கள் பிள்ளைதான், அரை மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று மேடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று சொல்லி அதை அவள் மடியில் வைத்தார். மூக்குக் குழாயை அவர் வரும்போதே எடுத்துவிட்டிருந்தார்.

முகம் அவளை மாதிரி இல்லை. யாரை மாதிரியும் இல்லை. சிவந்து, சுருங்கி, உலகத்தின் மேல் ஏதோ வழக்கு இருப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தது. விரலால் அதன் புருவத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரொட்டிக்காரன் கையை நீட்டிப் பாதியில் நிறுத்தினான். தொடலாமா என்று யாரைக் கேட்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தான். இத்தனை நாளில் அவனை அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

திரை விலகியது. முன்வரிசையில் குழு உட்கார்ந்திருந்தது. குழுத் தலைவர் கனத்த கண்ணாடி போட்ட பெரியவர். பக்கத்தில் முகமூடியும் கையுறையுமாகக் கிருமித் தடுப்பு அதிகாரி, தன் நாற்காலியைக்கூடத் தொடாமல் உட்கார முயன்றுகொண்டிருந்தார். பின்னால் ஊழியர்கள், வரிசையில் காத்திருக்கும் பெற்றோர்கள். லாரி டிரைவரும் இருந்தார். வாசலோரம் குழந்தை டாக்டர்.

மேடம் பேச ஆரம்பித்தார். தொடுதலே முதல் மருந்து என்றார். இந்த நிறுவனத்தில் பாசம் தற்செயலாக நிகழ விடப்படுவதில்லை என்றார். அப்போது மூட்டைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "சத்தமெல்லாம் வருதே?"

"புது மாடல் சார். பேட்டரி" என்றார் மேடம்.

ஒத்திகைப்படி ரொட்டிக்காரன் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கினான். கை உருட்டவில்லை, பிசையவில்லை. குழந்தை அவன் உள்ளங்கை நிறைய மூத்திரம் பெய்தது. அதற்கும் வசதி செய்திருக்கிறார்களா என்று தலைவர் வியந்தார். செய்திருக்கிறோம் என்றார் மேடம், வியர்வையைத் துடைத்தபடி. கிருமித் தடுப்பு அதிகாரிக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆவியில் வைத்தீர்களா என்று கேட்டார். காலையில்தான் வைத்தோம் என்று பயிற்சியாளர் உண்மையையே சொன்னார்.

குழந்தை மறுபடி தாயிடம் போயிற்று. அவள் சால்வையால் மூடிக்கொண்டாள். மேடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார், ரொட்டிக்காரனுக்கு எதுவும் காதில் விழவில்லை. சால்வைக்குள் அந்தச் சின்னத் தலை இங்கும் அங்கும் முட்டியது. ஒரு முறை தவறியது. இன்னொரு முறை தவறியது. பிறகு அசைவு நின்றது. மனைவி அவன் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை குடிக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. வாசலைப் பார்த்தான். குழந்தை டாக்டருக்கும் புரிந்துவிட்டிருந்தது. அவர் மெல்லத் தலையசைத்து, வெளியே போகும் வழியைக் கண்ணால் காட்டினார்.

குழுத் தலைவர் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தார். "நான் எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்திருக்கேன். சில இடத்துல நிஜக் குழந்தையை வைச்சே காட்டினாங்க. இந்த உயிரோட்டம் அங்கயெல்லாம் இல்ல" என்றார். கேடயம் உறுதியாகிவிட்டது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பயிற்சியாளருக்குச் சைகை காட்டினார். அவர் கையை நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலியிடம் வந்தார்.

"தர மாட்டேன்" என்றாள் மனைவி.

பயிற்சியாளர் ஒத்திகையில் இல்லாத வசனத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தார். மேடம் குனிந்து அவள் காதில், சாயந்திரம் முறைப்படி தருகிறோம், இப்போது கொடுத்துவிடு, மானம் போகும் என்று கெஞ்சினார். அவள் இறுக்கிக்கொண்டாள். வயிற்றுத் தையல் பிரிந்தாலும் சரி, இனி விடுவதில்லை என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. என்ன விஷயம் என்று தலைவர் கேட்டார். மேடம் மனசுக்குள் கணக்குப் போட்டார். குழந்தை என்று சொன்னால் கேடயம் போகும். பொம்மை என்றால் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் பேட்டரி வீறிடும்.

"எனக்கு இது வேணும் ஐயா. இதை என்கிட்டயே விட்டுடுங்க" என்றாள் மனைவி, தலைவரை நேராகப் பார்த்து.

தலைவர் உருகிவிட்டார். "பாருங்க, ஒரு பொம்மை மேலயே ஒரு தாய்க்கு இவ்வளவு பாசம் வர வைச்சிருக்கீங்க. இதை விட என்ன சாட்சி வேணும்? மேடம், இதை நிறுவனத்தோட அன்பளிப்பா இந்தம்மாவுக்கே குடுத்துடுங்க."

"குடுத்துடறோம் சார்" என்றார் மேடம். குரல் எங்கிருந்தோ வந்தது.

கிருமித் தடுப்பு அதிகாரி எழுந்து ஒரு நிபந்தனை விதித்தார். வெளியார் கைக்குப் போன உபகரணத்தை எக்காரணம் கொண்டும் மறுபடி உள்ளே எடுக்கக் கூடாது, இன்றே வளாகத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். பின்னால் நின்ற குழந்தை டாக்டர், உடனே அனுப்பிவிடுகிறோம் என்று முதல் முறையாக வாயைத் திறந்து உரக்கச் சொன்னார். இப்போதிருக்கும் பொம்மை அன்பளிப்பாகிவிட்டதால், புதுப் பொம்மை வரும்வரை பயிற்சி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று மேடம் அறிவித்தார். பயிற்சி இல்லாமல் யாரும் குழந்தையைத் தொடக் கூடாது என்ற விதி வழக்கம்போல் நீடிக்கும். லாரி டிரைவர் எழுந்து நின்றவர், மெல்ல மறுபடி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்பளிப்பு வாங்கியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று யாரோ மைக்கை ரொட்டிக்காரன் கையில் திணித்தார்கள். அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. லாரி டிரைவரின் முகத்தைப் பார்த்தான். அதில் பொறாமைகூட இல்லை, களைப்புதான் இருந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் சால்வைக்குள் இருப்பது மறுபடி குழந்தையாகிவிடும், குழந்தையானால் மாடிக்குப் போய்விடும்.

"நன்றி" என்றான்.

பெற்ற பிள்ளையைத் தனக்கே கொடுத்ததற்கு நன்றி சொன்னான். அதைவிட வெட்கக்கேடு, அதை மனதாரச் சொன்னான். கண்ணீர் வேறு வழிந்தது. இந்த முறை அது மிகைப் பாசம் என்று யாரும் சொல்லவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் சால்வைக்குள் குழந்தை திடுக்கிட்டுக் கையைக் காலை உதறியது. வாயை மட்டும் எடுக்கவில்லை.